ஒப்பாவுக்கு என்ன தமிழ்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: பெண் பானுப்ரியா. அவளைப் பெற்ற மட்டுவார்குழலி, அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை அரவிந்தன், வயது முப்பத்திரண்டு. அவன் அம்மா அமிர்தம். அம்மாவின் தம்பி அழகர்சாமி, உப்பிலியபுரத்தில் மரவள்ளி போடுகிறவர், எந்த வீட்டுக்குப் போனாலும் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியைப் பிடித்துவிடுகிறவர். தரகர் மருதை. இவர்களைத் தவிர ஒரு தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜியும் இருந்தது, ஆனால் அது மருதையின் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்ததால் அதிக நேரம் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், இரண்டாவது மாடி. உறையூரிலிருந்து கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார் சத்திரம் பேருந்து நிலையத்தில் பூவும் பழமும் வாங்க இறங்கினார்கள். அழகர்சாமி அங்கே ஒரு பூக்காரம்மாவிடம் பேரம் பேசி, தோற்று, அந்தக் கோபத்தில் பாலம் தாண்டியும் யாரிடமும் பேசாமல் வந்தார். இங்கே ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தது. திறந்ததும் குழலியைச் சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டார்.

"அதுக்கு இன்னும் நேரம் இருக்குங்க" என்றார் குழலி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அரவிந்தனுக்கு இதற்கு முன் பார்த்த இடங்கள் எல்லாம் தட்டிப் போயிருந்தன. ஓரிடத்தில் வேலை சரியில்லை என்றார்கள், ஓரிடத்தில் முகத்தில் களை இல்லை என்றார்கள், இன்னோரிடத்தில் காரணமே சொல்லவில்லை. இதுவும் போனால் இனிமேல் யார் வீட்டு சோபாவிலும் போய் உட்கார மாட்டேன் என்று அமிர்தம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அவனும் அதை ஒரு நிம்மதியாகவே நினைத்துக்கொண்டு வந்திருந்தான்.

மருதை கொடுத்த தாளில் பி.இ., கம்ப்யூட்டர் துறை என்று இருந்தது. இரண்டிலும் பாதி உண்மை. பி.இ. மூன்றாம் ஆண்டோடு நின்றது. கம்ப்யூட்டர் துறை என்பது ஒரு கால் சென்டர் இரவு ஷிப்ட். அமெரிக்காக்காரர்கள் கிரெடிட் கார்டு கோபத்தையெல்லாம் அவன் காதில் கொட்டினார்கள், ஒருநாள் பாதிப் பேச்சில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவன் திரும்பிப் போகவில்லை. இப்போது ஒரு டைல்ஸ் கடைக்கு வீட்டிலிருந்தபடியே இணைய விளம்பரம் எழுதுகிறான். மிச்ச நேரம் முழுக்கக் கொரியத் தொடர், ஜப்பானியத் தொடர், சீனத் தொடர், பாகிஸ்தான் தொடர். பார்ப்பதோடு நிற்காமல் அவற்றை விமர்சனம் செய்து இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கமும் நடத்தினான். 'நாலு எபிசோடு' என்பது அதன் பெயர். நாலு எபிசோடு பார்ப்பான், தொடரலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வான், அவ்வளவுதான். முதல் எபிசோடில் பணக்காரப் பையன் குடை பிடித்தால் எழுந்து ஓடிவிடுங்கள் என்று எழுதுவான். சீனர்கள் இருபது எபிசோடு கதையை ஐம்பதுக்கு இழுக்கிறார்கள், நடுவில் வரும் முப்பதில் துணி துவைத்துக்கொள்ளலாம் என்பான். ஜப்பான்காரர்கள் பத்தில் முடிக்கிறார்கள், அதற்காகவே அவர்களைக் கும்பிடலாம் என்பான். இந்தத் தயவில்லாத பேச்சுக்கென்றே பல்லாயிரம் பேர் அவனைப் பின்தொடர்ந்தார்கள். அவன் முகமோ பெயரோ அவர்களுக்குத் தெரியாது. அவன் வீட்டுக்கு அப்படியொரு பக்கம் இருப்பதே தெரியாது.

இரண்டு பேரும் தனியாக நாலு வார்த்தை பேசட்டும் என்று மருதை வழக்கமான இடத்தில் வழக்கமான வசனத்தைச் சொன்னார். குழலி தலையசைத்தார். பானுப்ரியா எழுந்து, மொட்டைமாடிக்கெல்லாம் வெயிலில் போக வேண்டாம், என் அறைக்கே வாங்க என்றாள்.

அறையின் சுவர் முழுக்கச் சாம்பல் நிற ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. மேசையில் பெரிய திரை, ஒரு மைக், இரண்டு ஹெட்போன். கதவு திறந்தே இருந்தாலும் கூடத்துப் பேச்சு சட்டென்று அடங்கிப்போனது. இங்கே என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டான். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுகிறேன், சின்னச் சின்னப் பாத்திரங்களுக்கு நானே குரலும் கொடுப்பேன் என்றாள். அதிகமும் கொரியத் தொடர்கள்தான்.

அரவிந்தன் உட்கார்ந்திருந்த விதமே மாறியது. அடுத்த கால் மணி நேரம் அவன் பேசியது மாதிரி இந்தப் பல வருடங்களில் எந்த மனிதரிடமும் பேசியதில்லை. மருத்துவமனைத் தொடர்களில் டாக்டர்கள் ஏன் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள் என்றான். அவள், அவங்க நடந்தா நான் வசனம் எழுதணும், ஓடினா மூச்சு வாங்கற சத்தம் போதும் என்றாள். பாகிஸ்தான் தொடர்களில் ஒரு கப் டீ வைப்பதற்குள் ஒரு குடும்பமே பிரிந்துவிடும் என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்தப் பெண்ணோடு ஆயுசு முழுக்கச் சலிக்காமல் தொடர் பார்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றிய அந்தக் கணத்திலிருந்து, தட்டிப் போனால் நிம்மதி என்று நினைத்துக்கொண்டு வந்தது காணாமல் போனது. இந்த இடம் அவனுக்கு வேண்டும்.

கடைசியாக என்ன எழுதினீர்கள் என்று கேட்டான்.

'நீலச் சலவைக்கடை' என்றாள்.

அரவிந்தன் மேசையிலிருந்த ஹெட்போனை நகர்த்தி வைத்தான். அவளே தொடர்ந்தாள்.

"அதை ஒருத்தன் நார் நாராக் கிழிச்சிருந்தான், பாத்தீங்களா? 'நாலு எபிசோடு'ன்னு ஒரு பக்கம். ஒப்பாவை அண்ணான்னு போட்டதுக்கு. 'இதை எழுதியவருக்குக் காதும் கிடையாது, காதலும் தெரியாது.' மனப்பாடமே ஆயிடுச்சு எனக்கு."

கொரியத் தொடர்களில் பெண் தன்னைவிட மூத்த ஆணை ஒப்பா என்பாள். கூடப் பிறந்தவனுக்கும் அதே சொல்தான், காதலனுக்கும் அதே சொல்தான். தமிழில் அப்படியொரு சொல் இல்லை. பார்த்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் பேச்சை மாற்றியிருக்கலாம். கல்யாணம் முடிந்து ஒரு வருடம் கழித்துச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். அவனுக்கு அப்படிச் சாமர்த்தியமாக இருக்க வராது. அதனால்தான் டைல்ஸ் கடை.

"அது நான்தான்" என்றான்.

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"சரி. நீங்களா இருந்தா என்ன போட்டிருப்பீங்க?"

மாமா என்றான். உதடு சேர்ந்து பிரிகிறது, ஆகாரத்தில் முடிகிறது, நடிகையின் வாயசைவுக்கு அப்படியே பொருந்தும். அதைத்தான் முதலில் எழுதினேன் என்றாள் அவள். பாதித் தமிழ்நாட்டில் மாமா என்றால் தாய்மாமன், மீதியில் போலீஸ்காரர், சென்னை ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்கிறவர் சிரித்துச் சிரித்து டேக் வாங்க முடியவில்லை. அத்தான் என்றான். அது கறுப்பு வெள்ளைப் படம் என்றாள். மச்சான்? எங்கள் தெரு முனையில் கடை வைத்திருக்கும் ஆரிஃபா அக்கா புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார், இந்தக் கதைக்கு ஆகாது என்றாள். ஒப்பாவை ஒப்பா என்றே விட்டிருக்கலாமே என்றான். விடலாம், எங்க அம்மா மாதிரி ஆட்களுக்கு அது அந்த ஆளோட பேருன்னு தோணும் என்றாள்.

"அப்ப அண்ணா எப்படி சரியாகும்? லவ் பண்றவனை எந்தப் பொண்ணு அண்ணாங்கறா?"

"நாங்க யாரையெல்லாம் அண்ணான்னு கூப்பிடறோம்னு யோசிச்சுப் பாருங்க. ஆட்டோக்காரரு, மாவு மில்காரரு, கூடப் படிக்கற பையன். எல்லாம் பாசமா? அது வேலிங்க. அந்தப் பொண்ணும் அந்த ஆள் மேல மனசு வந்துடக் கூடாதுன்னு வேலி போட்டுக்கறா. தெரிஞ்சுதான் போட்டேன்."

கால் சென்டரில் அரவிந்தனோடு வேலை செய்த பெண்கள் எல்லோரும் அவனை அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள். அதை அவன் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தான்.

"பதினோராவது எபிசோடு பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றான்.

அவள் அதைத் திரையில் ஓடவிட்டாள். சலவைக்கடை. கதாநாயகன் ஊரைவிட்டுப் போகப் பெட்டியை எடுத்துவிட்டான். கதாநாயகி இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள், முதுகுதான் தெரிகிறது. முதலில் கொரிய ஒலியைக் கேட்கச் சொன்னாள் பானுப்ரியா. ஒப்பா, என்று ஒரு முறை, மெதுவாக. பிறகு தமிழை மாற்றினாள். அதே முதுகு. அதே இஸ்திரி. "இங்க பாருங்க" என்றது பெண்ணின் குரல்.

அவ்வளவுதான். பேரும் இல்லை, முறையும் இல்லை. கட்டின பெண்டாட்டி கூப்பிடுகிற மாதிரி. இந்தச் சொல்லுக்கு முன்னால் அத்தனை அண்ணாவும் வந்திருந்தால்தான் இது இப்படி விழும் என்பது அரவிந்தனுக்கு உடனே புரிந்தது.

"இது நல்லாருக்கு" என்றான். பிறகு, சும்மா இருந்திருக்கலாம், இருக்காமல் சொன்னான்: "ஆனா முதல் நாலுக்கு நான் எழுதினது தப்பில்ல. பாக்கறவன் பதினொண்ணு வரைக்கும் காத்திருக்கணும்னு என்ன கட்டாயம்? பிடிக்காததுல உட்கார்ந்து உட்கார்ந்து பாதி ஆயுசு போச்சு எனக்கு."

"தப்புன்னு நானும் சொல்லலை. எதுல உட்கார்ந்தீங்க?"

அவன் சொன்னான். காலேஜ், மூன்றாம் ஆண்டு, கால் சென்டர், கழற்றி வைத்த ஹெட்செட். தாளில் இருக்கிற பி.இ. மருதையின் கைச்சரக்கு என்றும், அதை அடித்துவிடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வந்தது தன் வேலை என்றும் சொன்னான். கூடத்தில் அழகர்சாமி எதற்கோ பலமாகச் சிரித்தார். இங்கே அது தலையணைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி கேட்டது.

பானுப்ரியா கைகளை மடியில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"நீங்க உண்மையைச் சொல்றவரு. எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா வேண்டாங்க. எந்தத் தொடர்லயும் ஏழாவது, எட்டாவது எபிசோடு சுமாராத்தான் இருக்கும். கதை நகராது, எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. எனக்கு அதுல உட்கார்ற ஆள் வேணும்."

அரவிந்தனுக்கு இது எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வேலை இல்லை, பட்டம் இல்லை என்று சொல்லியிருந்தால் பதில் தயாராக இருந்தது.

"என்னை அரை மணி நேரத்துல முடிவு பண்றீங்களே" என்றான். "நானாவது நாலு எபிசோடு பாத்தேன். நீங்க ஒண்ணுகூட முழுசாப் பாக்கலையே."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். முகம் சிவந்து தணிந்தது.

"நியாயந்தான்" என்றாள் கடைசியில். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. இருந்தாலும் வேண்டாம்."

இரண்டு பேரும் கூடத்துக்கு வந்தார்கள். கலந்து பேசித் தகவல் சொல்கிறோம் என்ற சுற்றுவழி எல்லாம் வேண்டாம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அம்மா, சரிப்பட்டு வராது என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். மருதையின் வாயில் பஜ்ஜி இருந்தது, அது அவருக்கு ஒரு விதத்தில் உதவியாக இருந்தது. அழகர்சாமி, என்ன மாப்ளே, உள்ள என்னதான் பேசினே என்று அரவிந்தனிடம் கேட்டார். டிவி சீரியல் பத்தி மாமா என்றான். அவர் தன் அக்காவைப் பார்த்தார். அமிர்தம் காபி டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். குழலி அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மனசுல வச்சுக்காதீங்க, நல்ல பையன்தான் என்றார். நல்ல பையன் என்ற சொல்லை அமிர்தம் நிறைய வீடுகளில் கேட்டுவிட்டாள். பானுப்ரியா குங்குமச் சிமிழை நீட்டியபோது அவள் எடுத்து வைத்துக்கொண்டாள், ஆனால் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று பேரும் முன்னால் இறங்கிப் போனார்கள். அரவிந்தன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு பின்தங்கினான். முடிச்சு விழுந்த பிறகும் குனிந்தே இருந்தான். நிமிர்ந்தபோது பானுப்ரியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மீதியையும் பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன் என்றான்.

"எனக்காக எழுத வேண்டாங்க. பாருங்க. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னே எழுதுங்க."

சரி என்றான். இன்னும் ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. என்னவென்று தெரியவில்லை. மரியாதைக்கு எவ்வளவு நேரம் நிற்கலாமோ அவ்வளவு நேரம் அவளும் நின்றாள். கீழே மருதை கார்க்காரரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. போயிட்டு வரேன் என்று சொல்லிப் பழகிய வாய், வரேன் என்பதை விழுங்கிக்கொண்டது. அவன் படியில் இறங்கினான். முதல் திருப்பத்தை அடைவதற்குள் மேலே கதவு சாத்திக்கொண்டது. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி திரும்பியது.