சொந்தக்காரர் விக்னராஜா

விக்னராஜா அங்கிள் மைக்கைப் பிடித்தால் முதல் வணக்கம் நிலத்துக்குத்தான். "இந்த மண்ணின் உண்மையான சொந்தக்காரரான பூர்வகுடிகளுக்கு எங்கட சிரம் தாழ்ந்த மரியாதை" என்று ஆங்கிலத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம். குத்துவிளக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். அவர் செவன் ஹில்ஸ் தமிழ்ச் சங்கத் தலைவரான நாளிலிருந்து இந்த ஒழுங்கு மாறியதில்லை.

இந்தப் பொங்கல் விழாவுக்கு இன்னும் ஒரு படி மேலே போக அவருக்கு ஆசை. பூர்வகுடிப் பெரியவர் ஒருவரே மேடையேறி வரவேற்க வேண்டும். பூர்வகுடிகளுக்கான சட்ட உதவி நிலையத்தில் வக்கீலாக இருக்கும் மிருணாளினியைப் பிடித்தார். அவளும் தனக்குத் தெரிந்த பூர்வகுடிப் பெரியவரான ஜோய்ஸ் அன்ரியைக் கூட்டிவரச் சம்மதித்தாள். பெரியவர்களை அன்ரி என்று கூப்பிடுவதில் அவர்களும் நம்மைப் போலத்தான்.

சம்மதித்ததற்குக் காரணம் இருந்தது. அன்ரியின் மகள் கெய்லா ரயிலில் டிக்கெட் பரிசோதகரோடு வாய்க்கு வாய் பேசி, பிறகு வழக்குத் தவணையையும் தவறவிட்டு, இப்போது சிறையில் இருக்கிறாள். தங்குவதற்கு ஒரு முகவரி காட்டினால் பிணை கிடைக்கும். காட்டத்தான் முகவரி இல்லை. மண்ணின் சொந்தக்காரியான அன்ரியே தங்கை வீட்டுச் சோபாவில்தான் படுக்கிறார். விக்னராஜாவின் பின்வளவிலோ குசினி, குளியலறையோடு ஒரு சின்ன வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது.

மிருணாளினி நம்பிக்கையோடுதான் அந்த வீட்டைக் கேட்டாள். விக்னராஜா, படகில் வந்து தடுப்பு முகாமில் கிடந்த தன்னை ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அறை தந்து வெளியே எடுத்த கதையை மேடைக்கு மேடை சொல்பவர் ஆயிற்றே.

"பிள்ளை, எனக்கெண்டால் ஓம்தான்," என்றார் அங்கிள். "ஆனா அக்கம்பக்கத்துச் சனம் என்ன கதைக்கும்? மரியாதை குடுக்கிறது வேற, வீட்டுத் திறப்பைக் குடுக்கிறது வேற."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழாவன்று காரில் வரும்போது அன்ரியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அன்ரி "சரி" என்றதோடு சரி.

மண்டபம் நிறைந்திருந்தது. அங்கிள் அன்ரிக்குப் பொன்னாடை போர்த்திக் கைகூப்பினார். அன்ரி மைக்கை வாங்கி, எல்லாரையும் தன் முன்னோரின் மண்ணுக்கு வரவேற்றுவிட்டுத் தலைவர் பக்கம் திரும்பினார்.

"என் மகளுக்குத் தங்க வீடு தருகிற இந்த நல்ல மனிதருக்கு நன்றி. திங்கட்கிழமை கோர்ட்டுக்கும் வருவார்."

கைதட்டல் அடங்கவே இல்லை. முன்வரிசையில் இருந்த அங்கிளின் மனைவி இரஞ்சிதம், புருஷன் தன்னிடம்கூடச் சொல்லாமல் செய்த தர்மத்தை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கிள் சிரித்தார். வேறென்ன செய்வார்?

"அவர் மாட்டேன் என்றாரே, அன்ரி," என்றாள் மிருணாளினி, கீழே இறங்கியதும்.

"என்னிடம் சொல்லவில்லையே," என்றார் அன்ரி, பொங்கலைச் சுவைத்தபடி.

திங்கட்கிழமை விக்னராஜா கோட்டு சூட்டோடு வந்தார். யோசனையே தன்னுடையதுதான் என்று அதற்குள் நாலு பேரிடம் சொல்லியும் இருந்தார். நீதவான் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அந்த இடத்தின் சொந்தக்காரர் நீங்களா?"

பின்வரிசையில் ஜோய்ஸ் அன்ரி அதே பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிறையிலிருந்து வீடியோத் திரையில் கெய்லா காத்திருந்தாள். ஒரு 'ஓம்' போதும். மேடைகளில் அத்தனை வருஷம் தண்ணீராக ஓடிய நாக்கு அன்றைக்குத்தான் ஒட்டிக்கொண்டது.

நீதவான் மறுபடி கேட்டார்.

"காணி உறுதிப் பத்திரம் என்ர பேரில இருக்கு, ஐயா," என்றார் விக்னராஜா.

பிணைக்கு அது போதுமாக இருந்தது.