கட்சி மாறிய மாத்திரை

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றிவிடுபவன், ஒருநாள் ஏணியிலிருந்து கீழே விழுந்தான். முதுகில் அறுவை சிகிச்சை. வலிக்கு மாத்திரை எழுதித் தந்தார்கள். மூன்று மாதத்தில் வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை.

வீட்டில் யாரும் அதைப் போதை என்று சொல்லவில்லை. டாக்டர் சீட்டு இருக்கிறதே! ஒரு டாக்டர் மறுத்தால் இன்னொருவரிடம் போனான். வேளை தவறினால் மூக்கு ஒழுகும், கை நடுங்கும். நடுங்கும் கையில் லிஃப்டை ஒப்படைக்க முடியாது என்று கம்பெனி அவனை நிறுத்திவைத்தது. மூன்று மாதம் ஒழுங்காகச் சிகிச்சை எடுத்து, கடிதம் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்வார்களாம்.

சிகிச்சை நிலையத்து டாக்டரம்மா, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஒன்றைக் கொடுத்தார்.

"இது ஏக்கத்த அடக்கும். சர்க்கரைக்கு மாத்திரை போடறவங்கள யாராவது திட்டறோமா? அது மாதிரிதான். நீங்களா நிறுத்தாதீங்க."

பத்தாவது வாரத்தில் அண்ணன் நன்றாகச் சாப்பிட்டான், தூங்கினான், தன் சட்டையைப் போட்டதற்காக என்னை அடிக்க வந்தான். பழைய ஆள் திரும்பிவிட்டான் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தாள். சாப்பிடும்போது கேட்டாள்: "ஏன்டா, அந்த மாத்திரையெல்லாம் விட்டாச்சா?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "விட்டாச்சு சித்தி. இப்ப வேற மாத்திரை. கட்சிதான் மாறியிருக்கான், பதவி அப்படியேதான் இருக்கு."

சித்திக்குப் புரையேறியது. அம்மாகூடச் சிரித்தாள். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன் அண்ணன்தான்.

மறுநாளே அவன் மாத்திரையை நிறுத்தியது எங்களுக்குத் தெரியாது. ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். பத்தாம் நாள் மதியம், எங்கோ பதுக்கிவைத்திருந்த பழைய அட்டையிலிருந்து, பழைய அளவிலேயே விழுங்கியிருக்கிறான். அந்த அளவைத் தாங்கும் பழக்கம் உடம்புக்கு விட்டுப்போயிருந்தது. சாப்பிடக் கூப்பிடப் போனேன். உதடு நீலமாக இருந்தது.

ஆம்புலன்ஸில் வந்தவர் அந்த மாத்திரையை முறிக்கிற மருந்தை மூக்கில் அடித்தார். அண்ணன் கண்ணைத் திறந்து என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவ்வளவு இனிமையான வசவை நான் கேட்டதில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"நல்லாத்தானே போச்சு? யாரு நிறுத்தச் சொன்னது?"

"நானேதான் டாக்டர்" என்றான் அண்ணன்.

"இல்ல டாக்டர், நான்தான்" என்றேன்.

"நீங்க மெடிக்கல் படிக்கிறீங்களா?"

"பி.காம்."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன். சித்தி வீட்டுக்கு வந்ததிலிருந்து ஆரம்பித்து, கட்சி, பதவி எல்லாவற்றையும் விளக்கினேன். 

"நல்ல ஜோக்குதான்" என்று சொல்லிவிட்டு, புதுச் சீட்டில் அன்றைய தேதியைப் போட்டார்.

"கம்பெனிக்கு லெட்டர் டாக்டர்? மூணு வாரம்தான் பாக்கி இருந்துச்சு" என்றான் அண்ணன்.

"இன்னிலேர்ந்து மூணு மாசம்."

வெளியே வந்ததும், "மன்னிச்சிருண்ணா" என்றேன்.

"விடுடா. எனக்கு நெஜமாவே சிரிப்பு வந்துச்சு. அப்புறம் ராத்திரி யோசிச்சேன், எல்லாரும் அப்படித்தான நெனைப்பாங்கன்னு."

பஸ் நிறுத்தத்தில் நின்று சூப்பர்வைசரை அழைத்தான்.

"சார், இன்னும் மூணு மாசம் ஆகும் சார்... தெரியும் சார், ஆள் எடுக்கணும்னா எடுத்துக்கங்க... இல்ல சார், யாரும் காரணமில்ல. என் தப்புதான்."

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.