அப்பாவின் இடது கை

அம்மா தன் அளவு நாடாவை எடுத்து அப்பாவின் இடது கையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஊசி போட்டுக்கொள்ள வந்தவர் மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மேசையின் குறுக்கே ஒரு வெள்ளை நூலை இழுத்து ஒட்டியிருந்தேன். நூலுக்கு அந்தப் பக்கம் கரண்டிகள் வரிசையாகப் படுத்திருந்தன. நான் அவற்றில் ஒன்றைக் கோணலாகத் தள்ளிவிடுவேன். அப்பா அதைத் தொடக் கூடாது. முதலில் வலது கையால் ஓரத்தில் இருக்கும் சோப்பு டப்பாவை அழுத்த வேண்டும். அதுதான் நிறுத்தும் பொத்தான். மற்றதெல்லாம் பிறகு. இவ்வளவுதான் விளையாட்டு, பால்வாடிப் பிள்ளைகூட ஆடிவிடும். நான் கரண்டியைத் தள்ளினேன். நாடா கட்டிய நாற்காலியே எழுந்து நூலைத் தாண்டி வந்தது.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து ஈரத் துண்டக் கட்டில் மேல போடாதீங்கன்னு சொல்றேன். அதையே மாத்த முடியல. நீ நூல் கட்டி மாத்தப் போறியா?” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு நாடாவை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் அவருக்குக் கடைசிச் செய்முறைத் தேர்வு. 

அப்பா வேலை பார்த்தது கதவுக் கீல் செய்யும் தொழிற்சாலையில், பிரஸ் இயந்திரத்தில். காலால் மிதித்தபடி இருந்தால் மேலிருந்து இரும்பு அச்சு விடாமல் இறங்கித் தகட்டை வெட்டும். தகடு கோணலாக உட்கார்ந்துவிட்டால் அச்சு உடையும். அதனால் அடுத்த அடி இறங்குவதற்குள் இடது கையை உள்ளே விட்டு அதை எடுத்துவிட வேண்டும். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை, செய்யாதே என்றும் சொன்னதில்லை. அப்பா கையை விட்டது ஒருவருக்கும் தெரியாது, தகடு வெளியே கிடப்பதுதான் தெரியும். ‘மின்னல்’ என்று பெயர் வைத்தார்கள். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் பத்து விரலும் பத்திரமாக இருப்பது அவருக்கு மட்டும்தான். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. மற்றபடி அந்தப் பிரஸ்ஸின் மேல் பாசமெல்லாம் கிடையாது. அதைப் பழைய இரும்புக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று, “தொலைஞ்சுது சனியன்” என்று சொல்லிவிட்டு நன்றாகத் தூங்கினார்.

பிரஸ் போன இடத்துக்கு ரோபோ கைகள் வந்தன. தானியங்கி உற்பத்தியில் இரண்டு வருடப் படிப்பு முடிப்பவர்கள் புதிய பிரிவில் தொடரலாம், மற்றவர்கள் கிளம்பலாம் என்று நிர்வாகம் சொன்னது. பள்ளிக்கூடம் முடித்த நானும் அதே படிப்பில்தான் சேர்ந்திருந்தேன். அப்படித்தான் அப்பாவும் மகளும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். முதல் மாதம் எனக்கு மானம் போனது. அவரைத் தெரியாதவள் போல இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்துகூடப் பார்த்தேன். அதற்குள் வகுப்பு முழுவதும் அவரை ‘அப்பா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. “அப்பா, பேனா இருக்கா?” “அப்பா, ஒரு வாய் தண்ணி குடுங்க.” எனக்குப் பொறாமை வந்துவிட்டது. என் சொத்தை ஊர் பங்கு போட்டுக்கொள்கிறதே என்று பழைய இடத்துக்கே திரும்பி வந்தேன்.

அவர் படிக்காமல் இல்லை. முக்கோணக் கணக்கை என்னிடமே கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினார். கட்டுப்பாட்டு நிரலின் படம் அவருக்குப் புரிந்தது. சென்சார் எங்கே, மோட்டார் எங்கே, எது நின்றால் எது நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். எழுத்துத் தேர்வில் என்னைவிடச் சில மதிப்பெண்தான் குறைவு. அதைச் சொல்லி அம்மா என்னை ஒரு வாரம் பிழிந்தெடுத்தாள்.

ஆய்வுக்கூடத்தில்தான் எல்லாம் கெட்டது. அங்கே கன்வேயர் பட்டையில் கீல்கள் ஒவ்வொன்றாக வரும். ரோபோ கை அவற்றைக் கவ்வித் தட்டில் அடுக்கும். நாம் நிற்கும் இடத்துக்கும் ரோபோவுக்கும் நடுவே இரண்டு மஞ்சள் தூண்கள். தூண்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு விரல் போனால்கூட எல்லாம் நின்றுவிடும், சிவப்பு விளக்கு எரியும், சங்கு ஊதும். தேர்வில் எங்களுக்குப் பாடம் எடுக்கும் மேடம் வேண்டுமென்றே ஒரு கீலைக் கோணலாக விடுவார். ரோபோ அதைக் கவ்வுவதற்குள் பொத்தானை அழுத்தி நிறுத்தி, மறுபடி ஓடாதபடி பூட்டி, கதவைத் திறந்து எடுக்க வேண்டும். முதல் தடவை கோணல் கீல் வந்ததும் சங்கு ஊதியது. அப்பாவின் இடது கை உள்ளே இருந்தது. கீல் ஏற்கெனவே அவர் உள்ளங்கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. மேடம் மட்டும் மெதுவாக, “இன்னொரு தடவைதான் சார் தர முடியும். அதுலயும் போச்சுன்னா என் கையில எதுவும் இல்ல” என்றார். மேடத்துக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். அவர் இவரை ‘சார்’ என்பார், இவர் அவரை ‘மேடம்’ என்பார்.

கரண்டி விளையாட்டு ஆடிய அன்று மாலை நாடாவை அவிழ்த்துவிட்டு அம்மா தையல் மெஷினுக்குப் போனாள். அப்பா கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

“நாளைக்கு நீதான பக்கத்துல நிப்ப?”

“ஆமாப்பா. பார்ட்னர்தான் நிக்கணும்.”

இயக்குபவர் பக்கத்தில் அவருடைய பார்ட்னர் நிற்க வேண்டும் என்பது விதி. பார்ட்னருக்கு எதிரே, அவசரத்துக்கென்று தனியாக ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் இருக்கும். ஆளுக்கு ஆபத்து என்றால் மட்டும் அதை அழுத்தலாம். உதவி செய்வதற்காக அழுத்தினால் தேர்வு ரத்து.

“அங்க ஒரு சாவி தொங்குதே. ரிப்பேர் சாவி. அத நீ ஒரு திருப்பு திருப்பி விட்டுட்டா மேடத்துக்குத் தெரியுமா?”

அந்தச் சாவியைத் திருப்பினால் ஒளித்திரை கண்ணை மூடிக்கொள்ளும். கை உள்ளே போனாலும் சங்கு ஊதாது. ரோபோவும் நிற்காது.

“அப்பா, அது நிக்காது. உங்க கை மேலயே இறங்கும்.”

“அதுக்குள்ள எடுத்துருவேன்ம்மா.”

பெருமையாகச் சொல்லவில்லை. தண்ணீர் விழும் சத்தத்தில் பாதி காதில் விழாதபடி, கெஞ்சுவது போலச் சொன்னார். பாடத்தைத் தவிர அப்பா இதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானே எடுத்துக் குடிக்கும் மனிதர்.

“முடியாதுப்பா,” என்றேன்.

“சரி சரி, விடு. சும்மா கேட்டேன்.”

கழுவிய கரண்டியையே மறுபடி கழுவினார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ரோபோ மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, அது யாரையும் கேட்டுக்கொண்டா வந்தது? சாவியைத் திருப்பினால் கை போகும், திருப்பாவிட்டால் வேலை போகும். இதில் எது பரவாயில்லை என்று முடிவு செய்யும் இடத்தில் என்னை யார் கொண்டுவந்து நிறுத்தினார்கள்? அறைக்குப் போய்த் தலையணையில் முகத்தை வைத்து அழுதேன்.

காலையில் அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அப்பாவின் பேண்டில் இடது பக்கப் பையின் வாயில் ஒரு பெரிய கோட்டுப் பொத்தானைத் தைத்திருந்தாள். “கைய உள்ள விட்டுட்டுப் பொத்தானப் போட்டுக்கங்க. வெளிய வரணும்னா அத அவுக்கணும்ல? அதுக்குள்ள புத்தி வந்துரும்.” அப்பா போட்டுப் பார்த்தார். மணிக்கட்டு சரியாக அடைபட்டது. வாசலில் நின்று கையை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, “உங்கம்மாதான்டா இன்ஜினியர்” என்றார். வழியெல்லாம் இடது கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு சினிமாக் கதாநாயகன் மாதிரி நடந்தார். எனக்குக்கூட நம்பிக்கை வந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் எங்கள் முறை வந்தது. அப்பா தரையில் போட்டிருந்த கட்டத்துக்குள் போய் நின்றார். பாதுகாப்புக் கண்ணாடி, காலணி, எல்லாம் சரி. நான் சிவப்புப் பொத்தான் முன்னால் நின்றேன். பக்கத்து ஆணியில் அந்தச் சாவி தன் சிவப்பு அட்டையோடு தொங்கியது. நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றாலும், அது அங்கே இருப்பது என் கன்னம் முழுக்கத் தெரிந்தது.

மேடம் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

“சார், கையப் பையிலேருந்து எடுங்க.”

அப்பா நகரவில்லை.

“ரெண்டு கையும் வெளிய தெரியணும் சார். விதி அப்படி. நான் ஆரம்பிக்க முடியாது.”

அப்பா குனிந்து வலது கையால் அந்தப் பொத்தானை அவிழ்த்தார். அம்மா அழுத்தமாகத் தைத்திருந்தாள், சீக்கிரம் வரவில்லை. மேடம் அதைப் பார்த்துவிட்டார். எதற்கு அந்தப் பொத்தான் என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார்.  இடது கை வெளியே வந்தது. உள்ளே வியர்த்து, வெளிறிப் போயிருந்தது.

“ஆரம்பிங்க.”

பச்சை விளக்கு எரிந்தது. கன்வேயர் நகர்ந்தது. கீல்கள் வந்தன. ரோபோ கை குனிந்து, கவ்வி, திரும்பி, வைத்தது. குனிந்து, கவ்வி, திரும்பி, வைத்தது. அப்பா உதடு அசைய எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். ‘பொத்தான், பூட்டு, கதவு’ என்று வீட்டில் ஒப்பித்தது அது. என் வாயும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

கோணல் கீல் வந்தது.

அப்பாவின் இடது கை கிளம்பியதை நான் பார்க்கவில்லை. அது அங்கே இருந்ததைத்தான் பார்த்தேன். மஞ்சள் தூண்களுக்கு ஒரு விரற்கடை முன்னால், காற்றில், ஐந்து விரலும் விரிந்து நின்றது. நின்றுவிட்டது! சங்கு ஊதவில்லை. பச்சை விளக்கு அப்படியே எரிந்தது.  கழுத்து நரம்பு புடைக்க அவர் அந்தக் கையைத் தாண்டவிடாமல் நிறுத்திக்கொண்டிருந்தார். வலது கை நிறுத்தும் பொத்தானிடம் போக வேண்டும். அது இடுப்பருகே தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பில் இருந்த பலம் அத்தனையும் இந்தப் பக்கம் வந்துவிட்டதால் அதை நகர்த்த அவரிடம் எதுவும் மிச்சமில்லை.

‘அப்பா, வலது கை’ என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தக் கூடாது. என் உள்ளங்கை சிவப்புப் பொத்தானுக்கு மேலே வந்து நின்றிருந்தது. அவருக்கு ஆபத்து எதுவும் இல்லை, அதனால் அதை அழுத்தக் கூடாது.

அப்பா கீலைப் பார்க்கவில்லை, ரோபோவையும் பார்க்கவில்லை. சாலை ஓரத்தில் நம் கையை உதறிக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் பார்ப்பது போல, தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் ரோபோ கை திரும்பி வந்து, கோணலாகக் கிடந்த கீலுக்கு நேர் மேலே நின்று, கீழே இறங்கத் தொடங்கியது.