நீர்த்த ரத்தம்

எட்டு மாதக் கர்ப்பிணி அமிர்தம் நாலு படி ஏறுவதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் சின்னையன் பயந்துபோனான். ஸ்ரீரங்கத்தில் ஓர் எண்ணெய் மில்லில் டின் நிரப்புகிற வேலை அவனுக்கு. லீவு சொல்லிவிட்டு, குதிரை வண்டி பிடித்து அவளைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டர் அற்புதசாமி அவள் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அதைச் சின்னையன் காதில் மாட்டிவிட்டார். ஒவ்வொரு துடிப்போடும் புஸ், புஸ் என்று ஓர் இரைச்சல்.

"நெஞ்சுல ஓட்டையா, டாக்டர்?"

"இல்லீங்க. ரத்தம் நீர்த்துப் போச்சு. மில்லுல எண்ணெய் எப்படி விழும்?"

"நூல் புடிச்ச மாதிரிங்க. சத்தமே வராது."

"கொழகொழன்னு இருக்கறது அப்படித்தான் அமைதியா ஓடும். அதே வேகத்துல தண்ணி போனா சுழிக்கும், இரையும். இவங்க ரத்தம் தண்ணியாயிடுச்சு. இதயம் வேற அதை வேகமாத் தள்ளுது. பிரசவத்துக்குள்ள ரத்தம் ஏத்தியாகணும்."

சின்னையன் ரத்தம் சேரவில்லை. அமிர்தத்தின் அண்ணன் மருதையின் ரத்தம் சேர்ந்தது. "காலையில வந்து குடுத்துடறேன் மாப்ளே" என்று திருவெள்ளறைக்குப் பஸ் ஏறியவர், மறுநாள் வரவில்லை. சின்னையன் தேடிப் போனான்.

மருதையின் மனைவி வீரம்மாள் வாசலை மறித்து நின்றாள். "அவரு ஊர்ல இல்லண்ணே."

உள்ளே யாரோ இருமினார்கள். மருதையின் இருமல்தான்.

"மச்சான், உங்க தங்கச்சி பொழைக்க மாட்டா. வாங்க மச்சான்!"

உள்ளே இருமல் அடங்கியது. வீரம்மாள்தான் அழுதாள். "ரத்தம் குடுத்தா அப்புறம் ஏர் புடிக்க முடியாதுங்கறாங்க. எனக்கும் மூணு புள்ளைங்க. போயிடுங்கண்ணே."

அவள் காலில் விழவும் தயாராக இருந்தான். அவளோ கதவைச் சாத்திவிட்டாள்.

அவன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அமிர்தத்துக்கு வலி கண்டிருந்தது. "அண்ணன் வந்துச்சா?" என்றாள்.

"வந்துக்கிட்டிருக்காரு."

அவள் நம்பினாள். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. ஒரு மணி நேரத்தில் அமிர்தம் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு மருதை மாலையோடு வந்து தலைகுனிந்து நின்றார். அவரை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது சின்னையனுக்கு. இரண்டு கைகளாலும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.