பூட்டுக்காரன் பெட்டியில் ஒரு சோப்பு

சண்டை முடிந்து இரண்டு வருஷம் கழித்து, பக்கத்து நாட்டுக்காரர்கள் தங்கள் தூதரகத்தைத் திரும்பத் திறந்தார்கள். பழைய சாவிகள் எவன் கையில் இருக்கிறதோ என்று பயம். பூட்டை மாற்ற ஆள் கேட்டார்கள். கேட்டது அவர்கள், என்னை அனுப்பியது நம்ம போலீஸ்.

தெருமுனையில் ஜீப்பில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர், பறித்து வைத்திருந்த என் பாஸ்போர்ட்டை விசிறி மாதிரி ஆட்டினார்.

"பேத்தியப் பாக்கணும்ல பெரிசு? சாவி அச்சைக் கொண்டா, இதைக் கொண்டு போ."

என் மகள் அந்த நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். பேத்தி நடக்கவே ஆரம்பித்துவிட்டாளாம். நான் இன்னும் முகம் பார்க்கவில்லை.

உள்ளே ஒரு ஒல்லிச் செயலாளர். நம் பாஷையைச் சுத்தமாகப் பேசினார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. என் பெட்டியிலிருந்த உளி, அரம் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தவர் சோப்பை மட்டும் விட்டுவிட்டார். மரத்தில் திருகு சுலபமாக இறங்கச் சோப்பு தடவுவது எந்த நாட்டுத் தச்சனுக்கும் வழக்கம்தான். பிறகு என் முதுகுக்குப் பின்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எத்தனை சாவி?"

"மூணு."

"நாலாவது?"

"என் சம்பந்தியம்மா மாதிரியே கேக்குறீங்க. மூணுன்னா மூணுதான்."

அவர் சிரிக்கவில்லை. போன் அடித்தது. அவர் திரும்பிய நேரத்தில் சாவியைச் சோப்பில் அழுத்தி எடுத்து, மேலே துணியைப் போட்டேன்.

வேலை முடிந்ததும் அவரே பூட்டைப் பத்துத் தடவை திறந்து மூடினார். விரலெல்லாம் கிரீஸ்.

"அந்தச் சோப்பைக் கொடுங்க பெரியவரே."

நான் வாயைத் திறப்பதற்குள் துணியை விலக்கி எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். முழங்கை வரை தேய்த்தார், ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி. சோப்பு திரும்பி வந்தபோது வழுவழு என்று இருந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

"மகளைப் பார்க்கத் தபாலில் மூணு தடவை மனு போட்டிருக்கீங்க."

அனுமதிச் சீட்டில் முத்திரை குத்தி நீட்டினார். "முப்பது நாள் செல்லும்."

அச்சைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா? அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாசலுக்கு வந்ததும் முத்திரையை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். அசல்தான்.

தெருமுனையில் இன்ஸ்பெக்டர் சோப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினார்.

"என்னய்யா இது?"

"சோப்பு."

பாஸ்போர்ட்டைத் தன் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"அந்தப் பூட்டு எப்ப ரிப்பேராகும்? மறுபடி உன்னைத்தானே கூப்பிடுவாங்க?"

முப்பது நாளை மனசுக்குள் எண்ணினேன். நான் போட்ட பூட்டு பத்து வருஷத்துக்கு அசையாது. நாற்பது வருஷத் தொழிலில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் கையை நானே திட்டினேன்.