கண் பட்ட பெட்டி

"பெட்டிகிட்ட போனது யாரு?"

அப்பா அவளிடம் அப்படிக் கேட்டு ஆறு வருஷமாகிறது. இன்று இறந்துபோன அப்பாவின் உடலைக் குளிப்பாட்டக் கார் கொட்டகைக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள் முர்த்தினி. வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணன் இறங்குவதைப் பார்த்ததும் அந்தக் கேள்விதான் காதில் விழுந்தது. அன்றைக்கு அவள் உள்ளதைத்தான் சொன்னாள். "அண்ணன்தான் அந்த ரூம்லேர்ந்து வந்துச்சு" என்றாள். அதற்குப் பிறகு அண்ணன் ஜாத்மிகோ இந்த வாசலை மிதிக்கவில்லை.

வாளியைக் கொட்டகையில் இறக்கி வைத்தாள். கொட்டகையில் இப்போது கார் இல்லை. எண்ணெய்க் கம்பெனிக்கு வயல்களை விற்ற வருஷம் ஊரே கார் வாங்கியது. அவள் அப்பா கஸ்னாவியும் வாங்கினார், ஓட்டத் தெரியாமலே. ஒரே வாரத்தில் அதை இறால் குட்டையில் கொண்டுபோய் இறக்கினார்.

"உள்ள உக்காந்துக்கிட்டே 'பிரேக்கு எது, பிரேக்கு எது'ன்னு கத்துறாரு" என்று பக்கத்து வீட்டுத் தஸ்ரிபா மற்றப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் வீட்டுக்காரரு குட்டையில நின்னுக்கிட்டு, 'இனிமே எதுக்குண்ணே பிரேக்கு, அதான் நின்னுருச்சே'ங்கறாரு."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

ஜாத்மிகோ உள்ளே வரவில்லை. வேலிப் பக்கம் ஆண்களோடு நின்றான். மெலிந்திருந்தான். சித்தப்பா ரசிமுன் அவனைப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி, "இவனுக்கு யாரு சொல்லியனுப்பினது? இன்னும் ஏதாச்சும் பெட்டி பாக்கி இருக்குன்னு வந்தானா?" என்றார்.

அந்தப் பெட்டியில் சித்தப்பாவின் பங்கும் இருந்தது. நிலத்தை விற்ற பணம் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று, மலையடிவாரத்திலிருந்து பணத்தைக் குட்டி போடவைக்கிற ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் நோட்டுக் கட்டுகளை வெள்ளைத் துணியில் சுற்றி, தேக்குப் பெட்டியில் வைத்து, பூத்தண்ணீர் தெளித்துப் பூட்டினார். வருஷத்தின் முதல் மாதமான சூரோ பிறக்கும்வரை யாரும் திறக்கக் கூடாது, கண் பட்டால் பணம் காகிதமாகிவிடும் என்றார். வியாழன்தோறும் அப்பா அதன்முன் சாம்பிராணி போட்டு உட்கார்ந்திருப்பார். அப்போதெல்லாம் யாருடனும் பேச மாட்டார். அம்மா அந்த அறைக்குள் துடைப்பம் எடுத்துப் போனால்கூடச் சந்தேகமாகப் பார்ப்பார்.

சூரோ பிறந்தது. திறந்தால் நோட்டு அளவுக்கு வெட்டிய செய்தித்தாள்.

"வீட்டாளு ஒருத்தர் கண் வெச்சுட்டாங்க" என்றார் மலையடிவாரத்துக்காரர் போனில். அதோடு அந்த போன் அடங்கிவிட்டது. அப்பா கடைசிவரை அதை நம்பினார். சித்தப்பாவும் நம்பினார். அண்ணனின் துணிமணிகளைத் தெருவில் எறிந்துவிட்டு அப்பா சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது: "நான் செத்தா இவன் என் சந்தூக்குக்கு அடியில நுழையக் கூடாது!"

உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது வீட்டு மனிதர்கள் குனிந்து அதன் அடியில் மூன்று முறை போய் வர வேண்டும். மனத்தாங்கல் எல்லாம் அதோடு தீர்ந்தது என்று அர்த்தம். போகாதவன் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை.

பின்கட்டில் அம்மா வாகினெம் சந்தூக்கில் தொங்கவிட மல்லிகை கோத்துக்கொண்டிருந்தாள். முர்த்தினியும் உட்கார்ந்து ஓர் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, சித்தப்பாகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லு. அண்ணனும் அடியில போகட்டும். அப்பா ஏதோ கோவத்துல சொன்னது."

அம்மா நாலைந்து பூக்கள் கோத்தாள்.

"அவன் திறந்தது நெசம்தான். திறந்த கையோட எங்கிட்ட ஓடி வந்தான். உள்ள பூராவும் பேப்பரும்மான்னான்."

முர்த்தினியின் ஊசி நின்றது.

"அப்ப, அண்ணன் பாக்கறப்பவே பேப்பர்தானா?"

"பேப்பர்தான். நாம பூட்டினதே பேப்பரைத்தான்."

"அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?"

"நான்தான் வேணாம்னேன். கூடப்பொறந்தவன் பணத்தையும் சேத்து ஒரு களவாணிப் பயகிட்ட தூக்கிக் குடுத்திருக்கோம்னு தெரிஞ்சா, இந்த மனுஷன் பூச்சி மருந்தக் குடிச்சிருப்பாரு. புள்ள கண்ணு பட்டுப்போச்சுன்னா வெறும் கோவம்தானே. கோவம் எத்தன நாளைக்கு இருக்கும்னு நெனச்சேன். 'நீ வாயத் தொறக்காத சாமி, அப்பா தானா ஆறிடுவாரு'ன்னு அவன் கையப் புடிச்சுக் கேட்டேன். சரின்னான்."

"ஆறு வருஷம்மா."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இப்பவாச்சும் சொல்லும்மா."

"இப்பவா? ஊரு கூடி நல்லவருன்னு சொல்லப் போவுது. நான் எந்திரிச்சு, இல்ல, ஏமாந்த முட்டாளுன்னு சொல்லவா?"

தொழுகை முடிந்து சந்தூக்கை முற்றத்தில் வைத்தார்கள். மேலே பச்சைத் துணி, அதன்மேல் மல்லிகைச் சரங்கள். தொழுகை நடத்திய மோதின் கூட்டத்தைப் பார்த்து, "இந்த மனுஷர் எப்பேர்ப்பட்டவர்?" என்று கேட்டார்.

"நல்லவரு" என்றது கூட்டம்.

எல்லோரும் சொல்லி அடங்கிய பிறகு, வேலிப் பக்கமிருந்து ஒரு குரல் தனியாக, "நல்லவரு" என்றது. முர்த்தினி திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும்.

ஆட்கள் சந்தூக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். அம்மா முன்னால் வந்தாள், அவள் பின்னால் முர்த்தினி. ஜாத்மிகோ செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்துக்கு வந்தான். சித்தப்பா குறுக்கே கையை நீட்டினார்.

"எங்க வர்ற?"

"வழி விடுங்க சித்தப்பா. போயிட்டு வந்துடறேன். அப்புறம் நீங்க என்னப் பாக்கவே வேணாம்."

"எங்கண்ணன் சொல்லிட்டுப் போனது இந்தத் தெருவுக்கே தெரியும். மையித்துக்கு முன்னாடி நின்னு சொல்லு. நீ பெட்டியத் திறந்தியா, இல்லியா?"

ஜாத்மிகோ அம்மாவைப் பார்த்தான். அம்மா மல்லிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திறந்தேன்" என்றான்.

"கேட்டுக்கிட்டீங்களா? அவன் வாயாலயே சொல்லிட்டான்."

மோதின் தாடியைத் தடவினார். "மௌத்தானவர் சொல்ல மீற எனக்குத் தைரியம் இல்லப்பா. வீட்டுக்காரங்கதான் ஒரு முடிவு சொல்லணும்."

"அம்மா" என்றாள் முர்த்தினி. கூட்டத்தில் பேசிப் பழகாத குரல், பாதியிலேயே கரைந்தது. மறுபடியும், "அம்மா, சொல்லும்மா" என்றாள்.

"என்னத்தச் சொல்லணும்?" என்று சித்தப்பா திரும்பினார்.

முற்றம் முழுக்க அம்மாவைப் பார்த்தது. சந்தூக்கைத் தூக்கிப் பிடித்திருந்த ஒருவன் கை மாற்றிக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா. "வெயில் ஏறுது. புள்ளைங்களுக்குக் கை வலிக்கும்."

குனிந்து சந்தூக்கின் அடியில் நுழைந்தாள்.

அது முன்னாடியே பேப்பர்தான் என்று சொல்லிவிட முர்த்தினி ஓர் அடி முன்னால் வைத்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான். மெல்ல, மற்றவர்களுக்குத் தெரியாதபடி, வேண்டாம் என்று தலையை அசைத்தான். அன்றைக்கு அப்பா கேட்டவுடன் திறந்த வாய் இன்றைக்குத் திறக்கவில்லை. அவளும் குனிந்தாள்.

உள்ளே பச்சை நிழல். கற்பூர வாசனை. தலைக்கு மேலே அப்பா. முதல் முறை அவள் எதையும் பார்க்கவில்லை. இரண்டாம் முறை சுற்றி நின்ற கால்களுக்கிடையே செருப்பில்லாத இரண்டு பாதங்கள் தெரிந்தன, புழுதி படிந்து, விரல்களை மடக்கிக்கொண்டு. மூன்றாம் முறை அந்த இடத்தில் வேறு யாருடைய கால்களோ இருந்தன.

நிமிர்ந்தபோது சந்தூக் நகரத் தொடங்கியிருந்தது. முன்னால் போனவர் மஞ்சள் அரிசியும் சில்லறையும் வீச, தெருப் பிள்ளைகள் விழுந்தடித்துப் பொறுக்கினார்கள். எல்லோரும் இடுகாட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

எதிர்ப்பக்கம் ஜாத்மிகோ போய்க்கொண்டிருந்தான். வண்டியில் ஏறவில்லை. சாவியைத் திருகவில்லை. மையித்து ஊருக்குள் இருக்கும்வரை சத்தம் எழுப்பக் கூடாது என்பதுபோல், வேலி ஓரமாகவே அதைத் தள்ளிக்கொண்டு போனான்.