முள்ளங்கிக்கு முத்திரை

பாரிஸில் அந்தக் காலத்தில் ஒருவரைக் கேலிப்படம் போட வேண்டுமென்றால், அவரே சம்மதம் என்று கைப்பட எழுதித் தர வேண்டும். அதற்கு மேல் தணிக்கை அலுவலகத்தின் முத்திரை வேறு. மந்திரி வொகோர்பே எழுதித் தருவாரா? அவருடைய தாடி நடுவில் பிளந்து இரண்டு வாலாகத் தொங்கும். அதைப் பார்த்து யாராவது இருமினால்கூட வழக்குப் போடுகிற மனுஷர்.

அந்தத் தாடியைச் சம்மதமில்லாமல் வரைந்துவிட்டுத்தான் ஸெலியின் புருஷன் அன்செல்ம் சிறையில் உட்கார்ந்திருந்தான். அவன் அங்கிருந்து அனுப்பிய படங்களுக்கும் முத்திரை கிடைக்கவில்லை. அவர்களுடைய வாரப் பத்திரிகை 'குளவி'யின் முதல் பக்கம் இரண்டு வாரமாக வெறும் வெள்ளை.

"இந்த வாரமும் இப்படின்னா கடையைச் சாத்திட வேண்டியதுதான், மதாம்," என்றார் அச்சுக்காரர் புஷார்தோ. "வெள்ளைத்தாளைக் காசு குடுத்து எவன் வாங்குவான்?"

ஸெலி வீட்டுக்குப் போய் சூப்புக்குக் காய் நறுக்க உட்கார்ந்தாள். காய்க் கட்டுக்குள் ஒரு முள்ளங்கி, குண்டாக, முனை இரண்டாகப் பிளந்து, தலையில் சிலிர்த்த இலைக்கொத்தோடு அவளை முறைத்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகவே சிரித்தாள். அன்செல்மின் படங்களுக்கு வண்ணம் பூசித்தான் அவளுக்குப் பழக்கம். தானாக ஒன்றும் வரைந்ததில்லை. அன்று வரைந்தாள். கண்ணில்லை, மூக்கில்லை. தட்டில் ஒரு முள்ளங்கி, அவ்வளவுதான்.

தணிக்கை அதிகாரி த்ரெஃபூ படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது?"

"முள்ளங்கி, ஐயா."

"அது தெரியுது. எதுக்கு?"

"சூப்புக்கு."

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "அட, நம்ம மந்திரி!" அறையே குலுங்கிச் சிரித்தது.

"வாயை மூடுய்யா!" த்ரெஃபூவின் முகம் சிவந்துவிட்டது. "இது ஆகாது, மதாம். மந்திரியோட சம்மதக் கடிதம் கொண்டு வாங்க."

ஸெலி படத்தை அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

"சரிங்க ஐயா. மறுத்தா காரணம் எழுதித் தரணுமே. 'இந்த முள்ளங்கி மந்திரி மாதிரியே இருக்கு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. படத்துக்குப் பதிலா அதையே முதல் பக்கத்துல போட்டுக்கறேன்."

த்ரெஃபூ பேனாவை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? அந்த மடையன்தானே சொன்னான்!"

"உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது?"

த்ரெஃபூ முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "முள்ளங்கியாத்தான் தெரியுது," என்று முனகினார். முத்திரை விழுந்தது.

சனிக்கிழமை மதியத்துக்குள் 'குளவி' தீர்ந்துவிட்டது. புஷார்தோ சட்டைக் கையை மடித்துக்கொண்டு மறுபடி அச்சடித்தார், மறுபடியும் தீர்ந்தது. சந்தையில் காய்காரிகள், "மந்திரி! புது மந்திரி! கட்டு ரெண்டு சூ காசுதான்!" என்று கூவினார்கள். நிஜ மந்திரி வழக்குப் போடவில்லை. போட்டால் நீதிமன்றத்தில் நின்று, அந்த முள்ளங்கி நான்தான் என்று அவரே அல்லவா நிரூபிக்க வேண்டும்!

சிறைக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அன்செல்ம் படத்தைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "எனக்கு இது தோணலையேடி!"

"நீ சமைச்சாத்தானே தோணும்," என்றாள் ஸெலி.

சாவிக்கொத்தோடு நின்ற காவலர் தொண்டையைச் செருமினார். அவர் சட்டைப் பையிலும் ஒரு 'குளவி' மடிந்திருந்தது.

"மதாம், அடுத்த வாரம் என்ன காய்?"